மாப்பிள்ளை கேட்ட இடைவெளி

திருவள்ளூருக்குச் சிவப்பு வண்டி வந்தபோது எனக்கு ஏழெட்டு வயது இருக்கும். சுதந்திரம் வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஊருக்குப் புதிதாக ஏதாவது வந்துகொண்டே இருந்த காலம் அது. அந்த வரிசையில் பயர் ஆபீசும் வந்தது. தீப்பிடித்தால் மணியடித்துக்கொண்டு வருவார்கள், தண்ணீரைப் பீய்ச்சுவார்கள், மற்ற நேரங்களில் சீட்டாடுவார்கள் என்பது ஊரின் கணக்கு. வந்தவர்களோ தீப்பிடிப்பதற்கு முன்பே வர ஆரம்பித்தார்கள். அங்கேதான் எல்லாச் சங்கடமும் தொடங்கியது.

மாசி பிறந்து வெயில் ஏறியதும் காக்கிச் சட்டைக்காரர்கள் குடிசைத் தெருக்களுக்குள் நுழைந்தார்கள். அடுப்பைக் கனலும் தணலுமாக விட்டுவிட்டு வேலைக்குப் போகாதீர்கள், தண்ணீர் தெளித்துவிட்டுப் போங்கள் என்றார்கள். சிம்னி விளக்கைக் கீற்றில் மாட்டாதீர்கள் என்றார்கள். வாசலில் ஒரு குடம் தண்ணீர் நிரப்பி வைக்கச் சொன்னதோடு நிற்காமல், மறுநாள் வந்து குடத்துக்குள் எட்டிப் பார்த்தார்கள். அரிசி ஆலைக்காரரிடம் உமிக் குவியலைத் தள்ளிக் கொட்டச் சொன்னார்கள். சினிமாக் கொட்டகையில் மணல் வாளிகளை வரிசையாகத் தொங்கவிட்டார்கள். வெற்றிலை துப்புவதற்கு அரசாங்கம் செய்து கொடுத்த வசதி என்று ஜனங்கள் அவற்றை எடுத்துக்கொண்டார்கள். ஆடி மாதத்தில் பெரியபாளையத்து அம்மனுக்கு வண்டி கட்டிக்கொண்டு போகிறவர்கள், வண்டி நிழலிலேயே கல் கூட்டிப் பொங்கல் வைப்பது வழக்கம். அங்கேயும் இவர்கள் போய், வைக்கோல் ஒரு பக்கம் அடுப்பு ஒரு பக்கம் என்று பிரித்து வைத்தார்கள். எங்கேயும் தீ இல்லை. தீயே இல்லாத இடத்தில் இவர்களுக்கு என்ன வேலை என்று ஊர் அலுத்துக்கொண்டது.

அதிகமாக அலுத்துக்கொண்டவர் என் அப்பா. அவர் விறகுத் தொட்டி, அதாவது விறகுக் கடை வைத்திருந்தார். வீட்டை ஒட்டினாற்போலவே தொட்டி. சவுக்குக் கட்டைகளையும் புளிய விறகையும் அவர் அடுக்கி வைக்கும் அழகைப் பார்க்கவே ஆட்கள் நிற்பார்கள். ஒரு எலி நுழைய இடமிருக்காது. அந்தத் தொட்டிக்கு ஒருநாள் ஒரு பயர்மேன் வந்தார். ஒல்லியாக, உயரமாக, எதைச் சொன்னாலும் பாடம் ஒப்பிப்பதுபோலச் சொல்கிற ஆள். அடுக்குகளைப் பிரித்து நடுவில் வழி விட வேண்டும், வண்டிக்காரர்கள் உள்ளே பீடி பிடிக்கக் கூடாது என்றார். அப்பாவுக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது.

“தொட்டி என்னுது. வெறகு என்னுது. எரிஞ்சா நஷ்டமும் என்னுது. இதுல உனுக்கு இன்னா பேஜாரு?”

“வெறகு உங்குளுதுதாங்க. பக்கத்து ஊட்டுக் கூரை உங்குளுது இல்லியே” என்றார் அவர். குரல் உயரவில்லை. சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அப்போது அங்கே அத்தை நின்றிருந்தாள். அப்பாவின் கடைசித் தங்கை. தாய் தகப்பன் இல்லாததால் எங்கள் வீட்டிலேயே வளர்ந்தவள். தொட்டி ஆட்களிடம் வேலை வாங்குவது அவள்தான். அப்பா போடும் சத்தத்துக்கு அசையாதவர்கள் அவள் ஒரு பார்வை பார்த்தால் அசைவார்கள். மறுநாள் அப்பா ஊத்துக்கோட்டைப் பக்கம் விறகு பேசப் போயிருந்த நேரம் பார்த்து, எல்லா அடுக்குகளையும் பிரித்து இடையிடையே வழி விட்டு வைத்துவிட்டாள். திரும்பி வந்த அப்பா குதித்தார். சில நாள் கழித்துப் பயர்மேன் வந்தார், வழிகளைப் பார்த்தார், அத்தையையும் பார்த்தார், போனார். அடுத்த வெள்ளிக்கிழமை அவருடைய அம்மா தாம்பாளத்தில் பூவும் பழமுமாக எங்கள் வீட்டுக்குப் பெண் கேட்டு வந்துவிட்டார்.

இதற்கு எங்கள் வீட்டில் எவ்வளவு சந்தோஷம் பொங்கியிருக்கும் என்று தெரிந்துகொள்ள, முன்பு நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய வருடம் அத்தைக்கு ஒரு வரன் நிச்சயமாகி முறிந்திருந்தது. நிச்சயதார்த்தப் பந்தியில் அந்த மாப்பிள்ளை திடீரென்று இலையில் கை வைக்காமல் உம்மென்று உட்கார்ந்துவிட்டான். கைக்கடிகாரம் வேண்டுமாம். மாப்பிள்ளை முறுக்கு இல்லாத கல்யாணம் ஏது, சாயங்காலத்துக்குள் தானாகத் தெளியும் என்று அப்பா விட்டுவிட்டார். சாயங்காலத்துக்குள் அவர்கள் வண்டி கட்டிவிட்டார்கள். அவன் போனதில் அத்தைக்கு ஒரு வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அன்றிலிருந்து தெருவில் அவளுக்கு ‘ராசியில்லாதவள்’ என்று பெயர் விழுந்துவிட்டது. வளைகாப்பு, புதுமனை என்று போனால் அவளைப் பின்வரிசையில் உட்காரச் சொன்னார்கள். அவளும் போவதை நிறுத்திக்கொண்டாள். இன்னொரு முறை முறிந்தால் அவ்வளவுதான் என்று அம்மா அடுப்படியில் முணுமுணுப்பது எனக்கே கேட்டிருக்கிறது.

ஆகவே இந்த முறை மாப்பிள்ளை எதைக் கேட்டாலும் ‘இந்தாங்க’ என்று எடுத்து நீட்டுவதற்கு அப்பா தயாராக இருந்தார். போதாததற்கு எளாவூரிலிருந்து பெரியப்பாவும் வந்து இறங்கினார். எல்லைப் பக்கத்து ஊர்க்காரர். பேச்சில் பாதி தெலுங்கு கலந்திருக்கும். அந்தப் பக்கத்தில் நடந்த கல்யாணங்களில் எத்தனையோ மாப்பிள்ளைகளின் முறுக்கைத் தானே பேசித் தீர்த்து வைத்ததாகச் சொல்லிக்கொள்வார். மாப்பிள்ளை முகத்தைப் பார்த்தே அது மோதிர முறுக்கா சைக்கிள் முறுக்கா என்று சொல்லிவிடுவாராம்.

கல்யாணத்துக்கு முதல்நாளே தெருவை அடைத்துக் கீற்றுப் பந்தல் எழும்பிவிட்டது. பக்கத்துக் காலி மனையில் சமையல் கொட்டகை. இரண்டு கூரைகளையும் சேர்த்து ஒன்றாக வேய்ந்திருந்தார்கள். அதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் வகையறாவில் கல்யாணச் சோறு அடுப்பிலிருந்து இலைக்குப் போகும்வரை வானத்தைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் கண்ணேறு பட்டுவிடும். அதனால் எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் அடுப்புக்கு மேலேயும் கீற்று, மணமேடைக்கு மேலேயும் கீற்று, நடுவிலும் கீற்றுதான்.

பந்தலைப் பார்க்கப் பயர் ஆபீசிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஊரில் எங்கே பந்தல் போட்டாலும் வந்து பார்ப்பது அவர்கள் வேலை. அண்ணாந்து பார்த்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தவர்களை, “உங்க ஆளு கல்யாணத்துக்கு நீங்களே குறுக்க நிப்பீங்களா?” என்று கேட்டு அப்பா பெஞ்சில் உட்கார வைத்தார். அம்மா காப்பி கொடுத்தாள். சம்பந்தி வீட்டு மரியாதை வேறு சேர்ந்துகொண்டதால் அவர்கள் நெளிந்துகொண்டே குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். மாப்பிள்ளையே வந்து பார்த்திருப்பார்தான். ஆனால் பந்தக்கால் நட்ட பிறகு, முறையாக அழைத்து வரும்வரை மாப்பிள்ளை பெண் வீட்டு வாசலுக்கு வரக் கூடாதே.

சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. கோயிலிலிருந்து மேளம் முழங்க, மாலையும் தலைப்பாகையுமாக அவர் நடந்து வந்தார். காக்கிச் சட்டை இல்லாமல் பார்க்க எனக்கு அடையாளமே தெரியவில்லை. அம்மாவும் சித்தியும் ஆரத்தித் தட்டோடு முன்னால் போனார்கள். பந்தலுக்குள் காலெடுத்து வைக்கப் போனவர், பழக்க தோஷத்தில் மேலே பார்த்தார். பார்வை கீற்றைப் பிடித்துக்கொண்டே போய்ச் சமையல் கொட்டகையில் புகைந்துகொண்டிருந்த அடுப்பில் நின்றது. எடுத்த காலைப் பின்னால் வைத்துவிட்டார்.

ஆரத்தி எடுத்தவர்கள் தட்டோடு நின்றார்கள். மேளக்காரர் வாசிக்கலாமா நிறுத்தலாமா என்று தெரியாமல் கொஞ்சம் வாசித்து நிறுத்தினார். மாப்பிள்ளை அப்பாவைப் பக்கத்தில் கூப்பிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்: “அடுப்பு மேல இருக்கிற கீத்த எறக்கிடுங்க. பந்தலுக்கும் அடுப்புக்கும் நடுவுல ஒரு மாட்டு வண்டி நிக்கிற அளவுக்கு வானம் தெரியணும். அதுக்கப்புறம் நான் உள்ள வரேன்.”

நான் அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றதால் ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். அப்பாவும் கேட்டார். ஆனால் அவருக்கு அது மாப்பிள்ளை பேச்சாகத்தான் கேட்டதே தவிர, பயர்மேன் பேச்சாகக் கேட்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது. மாப்பிள்ளையை எதிர்வீட்டுக் கூடத்தில் உட்கார வைத்து விசிறி கொடுத்துவிட்டு, எளாவூர்ப் பெரியப்பாவைத் தேடி ஓடினார்.

பெரியப்பா மீசையைத் தடவிக்கொண்டு கேட்டார். கேட்டு முடித்ததும் சிரித்தார். “கீத்தும் இல்ல, வானமும் இல்ல நைனா. வாய வுட்டுக் கேக்க வெக்கம். டப்பு கேக்குறானா, வாட்ச்சு கேக்குறானான்னு பாக்கணும். நீ சும்மா கீ, நான் போறேன்.”

அதன்பின் நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. பெரியப்பா முதலில் ஒரு மோதிரத்தோடு போனார். மாப்பிள்ளை, “வேணாங்க, கீத்து” என்றார். திரும்பி வந்து, “மோதரம் பத்தல” என்று அறிவித்தார் பெரியப்பா. பிறகு பட்டு அங்கவஸ்திரம் போனது. “வேணாங்க, கீத்து.” அதுவும் பத்தவில்லை என்று முடிவானது. கடைசியில் அப்பா தன் சொந்தக் கைக்கடிகாரத்தையே கழற்றிக் கொடுத்தனுப்பினார். போன தடவை இதனால்தானே கெட்டது என்று முணுமுணுத்துக்கொண்டார். கடிகாரமும் திரும்பி வந்தது. “பெரிய முறுக்குதான். சைக்கிளாத்தான் இருக்கும்” என்றார் பெரியப்பா. இதற்குள் மாப்பிள்ளை வீட்டாரும் கூடிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். அவருடைய தாய்மாமன், நம்மை வாசலிலேயே நிறுத்தி வைத்துவிட்டார்களே என்று சத்தம் போட்டார். தெருவில் இருந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்குக்கூடத் தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தைக்குக் கல்யாணம் நடக்காதோ என்று அவளைத் தேடி ஓடினேன்.

உள்ளே அத்தை நலங்கு மஞ்சள் முகத்தோடு பாயில் உட்கார்ந்திருந்தாள். தாலி ஏறும்வரை பெண் அறையை விட்டு வெளியே வரக் கூடாது. நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு போய் நின்றேன்.

“இன்னாதான் கேக்குறாராம்? பெரியப்பா சொல்றதச் சொல்லாத. அவரு இன்னா சொன்னாரோ அத அப்பிடியே சொல்லு.”

சொன்னேன். கீற்று, மாட்டு வண்டி, வானம் எல்லாம் சொன்னேன். அத்தை எழுந்துவிட்டாள். அம்மா தடுத்ததையும் கேட்காமல் பின்பக்கமாகப் போய்ச் சமையல் கொட்டகை முன் நின்றாள். மஞ்சள் பூசிய மணப்பெண்ணை அங்கே கண்டதும் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தவர்கள் கத்தியை வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள். பந்தல்காரரைக் கூப்பிட்டாள்.

“இந்தக் கீத்தெல்லாம் பிரிங்க. அடுப்பு மேல ஒண்ணு இருக்கக் கூடாது. நடுவுல ஒரு வண்டி தூரம் வுடுங்க.”

அப்பாவும் பெரியப்பாவும் ஓடி வந்தார்கள். சோறு வானத்தைப் பார்த்தால் வம்சத்துக்கு ஆகாது என்று பெரியப்பா மூச்சு வாங்கினார். சமையல்காரர் தன் பங்குக்கு, எங்கப்பன் காலத்திலிருந்து இப்படித்தான் சமைக்கிறேன், எந்தக் கூரை எரிந்தது என்று கேட்டார். அத்தை அப்பாவை மட்டும் பார்த்துச் சொன்னாள்: “போன தடவ கேட்டதக் குடுக்காம கெட்டுச்சு, அண்ணா. இந்தத் தடவ கேக்காததக் குடுத்துக் கெடப் போவுது.”

பிறகு பெரியப்பா பக்கம் திரும்பினாள். “சோறு வானத்தப் பாக்கக் கூடாதுன்னா, நாலு பேரு வேட்டியப் புடிச்சிக்கினு அண்டாவோட நடந்து வாங்க. பாக்காது.”

கீற்று இறங்கியது. தொட்டி ஆட்களும் சேர்ந்துகொண்டதால் சடசடவென்று இறங்கியது. அடுப்புகளுக்கு மேலே சாயங்கால வானம் தெரிந்தது. எதிர்வீட்டிலிருந்து மாப்பிள்ளை எழுந்து வந்தார். பந்தலுக்குள் போவதற்குப் பதிலாக நேரே சமையல் இடத்துக்குப் போய், மாலையை ஒரு கையால் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு குனிந்து நிமிர்ந்து பார்த்தார். ஆற்று மணலை எண்ணெய் டின்களில் நிரப்பிக் கொண்டுவரச் சொல்லி அடுப்புகளின் பக்கத்தில் வைத்தார். எண்ணெய்ச் சட்டியில் தீப்பிடித்தால் தண்ணீரைக் கொட்டக் கூடாது, மணலைப் போட்டு மூட வேண்டும் என்று சமையல்காரரிடம் இரண்டு தடவை சொன்னார். சமையல்காரர் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, “சரிங்க பயர் மாப்ள” என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்புறம்தான் ஆரத்தி. மோதிரம், அங்கவஸ்திரம், கடிகாரம் எதுவுமே வாங்காமல் ஒரு மாப்பிள்ளை முறுக்கு தீர்ந்ததை எளாவூர்ப் பெரியப்பாவால் கடைசிவரை நம்ப முடியவில்லை. முகூர்த்தத்துக்கு முன்னால் வேறு ஏதாவது கேட்பான் பார் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலை நாஷ்டாவுக்கு இட்லிக் கூடைகள் பந்தலுக்குப் போனதை ஊரே பார்த்தது. நான்கு பேர் வெள்ளை வேட்டியின் நான்கு முனைகளைத் தூக்கிப் பிடிக்க, அதன் நிழலில் இட்லி நடந்து வந்தது. ஒரு முனை பெரியப்பாவிடம். மேளக்காரர் என்ன நினைத்தாரோ, சுவாமி புறப்பாட்டுக்கு வாசிப்பதுபோல ஒரு வாசிப்பு வாசித்தார். இது ஏதோ பெரிய குடும்பத்துச் சம்பிரதாயம் என்று எண்ணிய சிலர் எழுந்து நின்றார்கள். அந்த ஒரு வண்டி தூரத்தைச் சுற்றியே மாப்பிள்ளையைப் பற்றிய கிண்டலும் நடந்தது. தாலி கட்டும்போதும் ஹெல்மெட் போடுவாரா, ஹோமத்தில் தண்ணீர் ஊற்றிவிடுவாரா என்று கேட்டார்கள். அவர் காதில் விழத்தான் பேசினார்கள். அவரும் சிரித்துக்கொண்டார். எனக்கு மட்டும் அவருக்காகக் கோபம் வந்தது. ஒரு சின்னத் தீயாவது பிடிக்க வேண்டும், அப்போது தெரியும் இவர்களுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

முகூர்த்தம் நெருங்கியது. எனக்கு அப்போது வேறொரு யோசனை இருந்தது. கெட்டிமேளம் கொட்டினால் எல்லோரும் கையில் அட்சதையோடு மணமேடைக்கு ஓடுவார்கள். சமையல்காரர்களும் ஓடுவார்கள். தாலி ஏறுவதைப் பார்த்து அட்சதை போடுவது புண்ணியம் என்று கரண்டியைப் போட்டுவிட்டு ஓடுவது எல்லாக் கல்யாணத்திலும் வழக்கம். லட்டுக் கூடைக்குக் காவல் இல்லாத நேரம் அது ஒன்றுதான். அத்தைமேல் எனக்கு உயிர். இருந்தாலும் தாலியை அப்புறம் கழுத்திலேயே பார்த்துக்கொள்ளலாம், லட்டு அப்படியில்லை.

கெட்டிமேளம் முழங்கியது. நான் நினைத்தபடியே எல்லோரும் ஓடினார்கள். அப்பளம் பொரிப்பதற்காகப் பெரிய இரும்புச் சட்டியில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. அடியில் எங்கள் தொட்டியின் முதல்தரச் சவுக்கு விறகு. நான் கூடைத் துணியைத் தூக்கி ஒரு லட்டை எடுத்தேன். எண்ணெய் புகைந்தது. இரண்டாவது லட்டை எடுத்தபோது பின்னால் ‘குப்’பென்று ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் சட்டி முழுக்கத் தீ. தென்னங்கன்று உயரத்துக்கு நேராக எழுந்து நின்றது. நுனியில் கறுப்புப் புகை சுருண்டது. கரித்துகள்கள் மேலே பறந்து, அந்த வண்டி தூரத்து வெறுந்தரையில் ஒவ்வொன்றாக இறங்கின. எனக்குப் பயமே இல்லை. மத்தாப்புபோல இருந்தது. மேலே ஒன்றும் இல்லாததால் அது பாட்டுக்கு வானத்தைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தது. பந்தலின் பக்கவாட்டில் படுதா கட்டியிருந்தார்கள். உள்ளே மேளச் சத்தமும் ஹோமப் புகையும். அங்கே யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

முதலில் திரும்பி வந்தவர் சமையல்காரர். பார்த்ததும் அவர் கை தண்ணீர்க் குடத்துக்குத்தான் போனது. தூக்கியும் விட்டார். பிறகு என்ன தோன்றியதோ, குடத்தை அப்படியே கீழே போட்டுவிட்டு மணல் டின்னைத் தூக்கிச் சட்டியில் கவிழ்த்தார். இன்னொன்றையும் கவிழ்த்தார். தீ சுருங்கிப் படுத்தது. அவர் அடுப்பிலிருந்து விறகை இழுத்துப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வேர்வை. அப்போதுதான் லட்டும் கையுமாக நின்ற என்னைப் பார்த்தார். இருவருமே மாட்டிக்கொண்டவர்கள் மாதிரி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

சற்று நேரத்தில் மாப்பிள்ளை வந்தார். தாலி கட்டி, ஹோமத்தைச் சுற்றி வந்து முடித்த கையோடு, முகம் கழுவ வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். மணையில் இருந்தபோதே எண்ணெய் கருகிய வாசனை அவருக்குத் தெரிந்துவிட்டதாம். மணல் நிரம்பிய சட்டியைப் பார்த்தார். அண்ணாந்து பார்த்தார். சமையல்காரர் எழுந்து கையைக் கூப்பினார்.

“யார்னா பாத்தாங்களா?” என்று கேட்டார் மாப்பிள்ளை.

“இந்தப் பாப்பா மட்டுந்தாங்க.”

அவர் என் முன்னால் குனிந்தார். “பாப்பா, நீ இன்னா பாத்த?”

“நான் லட்டு எடுக்கல” என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தாலும் கண் சிரிக்கவில்லை. என் கன்னத்தைத் தட்டி, “நீ லட்டு எடுத்தத நானும் பாக்கல. இந்தச் சட்டிய நீயும் பாக்கல. அத்தகிட்ட கூட சொல்லக் கூடாது. சரியா?” என்றார். எனக்கு அதைவிட லாபமான ஒப்பந்தம் வாழ்க்கையில் அமைந்ததில்லை. தலையைத் தலையை ஆட்டினேன். இன்னும் ஒரு லட்டு எடுத்துக் கொடுத்தார் சமையல்காரர். என்மேல் அவருக்கு அவ்வளவு பாசம் இருந்தது எனக்கு அதுவரை தெரியாது.

பந்தி உட்கார்ந்தது. வேட்டியின் நிழலில் சோறும் சாம்பாரும் வந்தன. கூட்டு வந்தது, பொரியல் வந்தது, வடை வந்தது. அப்பளம் வரவில்லை. ரசத்துக்குப் போகும்வரை பொறுத்துப் பார்த்த மாப்பிள்ளையின் தாய்மாமன், கல்யாணச் சாப்பாட்டில் அப்பளம்கூடப் போட வக்கில்லையா என்று கேட்டுவிட்டார். பந்தி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அப்பா சமையல்காரரைக் கூப்பிட்டார். அவர் வந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். அப்பாவின் முகம் முந்தைய நாள் சாயங்காலம் வெளுத்த மாதிரியே வெளுத்தது.

அப்போது மாப்பிள்ளை இலையிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: “நான்தான் வேணாம்னேன் மாமா. எனுக்கு அப்பளம் ஆவாது. பொரிக்கிற வாசனையே ஒத்துக்காது. அதான் பொரிக்கவே வேணாம்னு சொல்லிட்டேன்.”

பிறகு எளாவூர்ப் பெரியப்பாவின் குரல் கேட்டது. அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதி. “நான் சொன்னேன் பாரு நைனா, முகூர்த்தத்துக்குள்ள இன்னொரு முறுக்கு வரும்னு.” எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தை மட்டும் சிரிக்கவில்லை. புதுப் புருஷன் முகத்தை ஒருதரம் ஏறிட்டுப் பார்த்துவிட்டு, தன் இலையிலிருந்த வடையை எடுத்து அவர் இலையில் வைத்தாள். அவளுக்கும் ஏதாவது வாசனை எட்டியிருந்ததா என்று நான் பிற்காலத்தில் கேட்டுப் பார்த்தேன். உனக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் எதற்கு என்றாள்.

அத்தை நன்றாக வாழ்ந்தாள். மூன்று பிள்ளைகளைப் பெற்றாள். வளைகாப்புகளில் அவளை முன்வரிசையில் உட்கார வைத்து முதல் வளையலை அவள் கையால் போடச் சொன்னார்கள். எனக்கு மாமாவாகிவிட்ட அந்தப் பயர் மாப்பிள்ளை வெயில் காலங்களில் குடிசைத் தெருக்களில் குடங்களுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். தாலி ஏறுகிற நேரத்தில் பெண் வீட்டு அடுப்படியில் தீப்பிடித்தது என்று அன்றைக்கு ஒரு வார்த்தை வெளியே போயிருந்தால், மாமா சொன்னது சரிதான் என்று ஊர் ஒப்புக்கொண்டிருக்கும். ஆனால் ஒப்புக்கொண்ட அதே வாயால் அத்தையை என்ன சொல்லியிருக்கும் என்பது அந்தப் பந்தியில் அவர் ஒருவருக்குத்தான் தோன்றியது. வீண் பிடிவாதக்காரர் என்ற பெயரை வைத்துக்கொள்வது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

எனக்கு அன்று இதில் ஒன்றும் விளங்கவில்லை. மறுவீட்டு விருந்துக்கு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது, மாமா அடுப்படி வாசலில் நின்றபடி அத்தை பொரிக்கப் பொரிக்க அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். பெரியவர்கள் இவ்வளவு துணிந்து பொய் சொல்வார்களா என்று திகைத்துப் போனேன். அதன்பிறகு எங்கள் உறவில் எந்தக் கல்யாணம் நடந்தாலும், அப்பளக் கூடையோடு வருகிறவர் எல்லா இலைக்கும் போட்டுவிட்டு, “மாப்ளைக்கு ஆவாது” என்று மாமாவின் இலையை மட்டும் மரியாதையாகத் தாண்டிப் போவார். மாமா அந்தக் கூடை போகிற திசையையே பார்த்துக்கொண்டிருப்பார். பொய் சொன்னதற்குச் சாமி கொடுத்த தண்டனை அது என்றும், இதுவும் வேண்டும் இவருக்கு என்றும் நினைத்துக்கொண்டு, நான் என் அப்பளத்தை அவர் பார்க்கும்படியாகவே நொறுக்கித் தின்பேன்.